ஊதா நிற ஐம்பது சென்ட் தபால்தலையில் இருக்கும் அந்தக் கல் யாருடையது?

பிஸ்கட்_டின் கேட்டது:

வணக்கம். தபால்தலை சேர்ப்பது என் பழக்கமில்லை, தாத்தாவுடையது. தேவகோட்டை வீட்டை விற்பதற்காகப் போன மாதம் காலி செய்தோம். பரணில் ஒரு பழைய பிஸ்கட் டின். உள்ளே நீளமான பேரேட்டு நோட்டு ஒன்று. வரவு, செலவு என்று கோடு போட்ட பக்கங்களில், வரவுப் பக்கம் முழுக்கத் தபால்தலைகள், செலவுப் பக்கம் முழுக்கப் பென்சில் குறிப்புகள். தாத்தா சென்னைத் துறைமுகத்துக்கு எதிரில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அங்கே வந்த உறைகளிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறார். ஒட்டியிருப்பது சோற்றுப் பசையால் என்று நினைக்கிறேன். சில மூலைகளைப் பூச்சி அரித்திருக்கிறது.

குறிப்புகள் பெரும்பாலும் ஒற்றை வரிதான். "சூடான், ஒட்டகத்தில் தபால்காரன்." "ஜாவா, ராணி." தாத்தா பேச்சும் இப்படித்தான் இருக்கும், காசு கொடுத்து வாங்கிய சொற்கள் மாதிரி எண்ணிச் செலவழிப்பார்.

ஒரு தலைக்கு மட்டும் வேறு மாதிரி எழுதியிருக்கிறார். அமெரிக்கத் தலை, அகலவாக்கில் இருக்கிறது, இளம் ஊதா நிறம், ஐம்பது சென்ட். தூண்கள் வைத்த பெரிய வெள்ளைக் கட்டடம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கட்டடத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு கல் தெரிகிறது, மேஜை மாதிரி தட்டையாக. அதற்கு நேரே தாத்தா எழுதியிருப்பது: "பேர் தெரியாதவன் சமாதி. கமலத்திடம் காட்ட வேண்டாம்."

கமலம் என் பாட்டி. தலையில் ஏதோ அரங்கம் என்றுதான் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது, சமாதி என்று எங்கும் இல்லை. அந்தக் கல் உண்மையிலேயே சமாதிதானா? யாருடையது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விலை எவ்வளவு போகும் என்று என் தம்பி கேட்கிறான், அதையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன்.

பல்வரிசை எழுதியது:

தம்பிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வீடு விற்ற காசே போதும், இதை நம்பி எதுவும் வாங்க வேண்டாம். முத்திரை குத்திய பிரதி என்றால் ஒரு காபிக் காசுதான் வரும். லட்சக்கணக்கில் அச்சடித்த தலை.

இது அமெரிக்கா 1922-இல் தொடங்கிய வரிசையில் உள்ள 50 சென்ட். வெளியான நாள் 11 நவம்பர் 1922. அதே நாளில் சுதந்திர தேவி சிலையோடு 15 சென்ட்டும், நயாகராவோடு 25 சென்ட்டும் வந்தன. கட்டடம் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் இருக்கும் நினைவு அரங்கம். இதே தலையில் பனாமா கால்வாய் மண்டலத்தின் பெயரை மேலே அச்சடித்து அங்கேயும் விற்றார்கள். தாத்தா கப்பல் அலுவலகம் என்றால் நோட்டில் அதுவும் இருக்க வாய்ப்பிருக்கிறது, தேடிப் பாருங்கள்.

இதில் இரண்டு அச்சு உண்டு. முதலாவது தட்டைத் தகட்டில் அடித்தது, நான்கு பக்கமும் ஓரத்துப் பல் அளவு 11. இரண்டாவது 1931-இல் உருளை இயந்திரத்தில் அடித்தது, மேலும் கீழும் 10½, பக்கவாட்டில் 11. பல் அளக்கும் பெர்ஃபரேஷன் கேஜ் இல்லையென்றால் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை பல் வருகிறது என்று எண்ணுங்கள்.

தயவுசெய்து தலையைப் பிய்க்காதீர்கள், தண்ணீரில் போடாதீர்கள். சோற்றுப் பசை என்று படித்ததும் எனக்கு ஒரு நிமிடம் நெஞ்சு அடைத்தது. பக்கத்தோடு சேர்ந்து இருக்கட்டும். அந்தப் பென்சில் வரி தலையைவிட மதிப்புள்ளது.

கல்லைப் பற்றி ஓய்வூதியர் சாரைத்தான் கேட்க வேண்டும். அவர் நேரில் போய்ப் பார்த்து வந்தவர்.

ஓய்வூதியர் எழுதியது:

கூப்பிட்டதற்கு நன்றி தம்பி. அம்மா, உங்கள் தாத்தா எழுதியது சரிதான். அது சமாதி. அந்தத் தலை வெளிவந்த நாளுக்குச் சரியாக ஓராண்டுக்கு முன்னால், 11 நவம்பர் 1921 அன்று, அங்கே ஒருவரை அடக்கம் செய்தார்கள். யார் என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. முதலாம் உலகப் போரில் பிரான்சில் இறந்த அமெரிக்கச் சிப்பாய், அவ்வளவுதான்.

நான் முப்பத்தோரு வருடம் தபால் அலுவலகத்தில் இருந்தவன். அதில் பாதிக் காலம் கவுண்டரில் தலை விற்றேன். 2017-இல் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கினோம், வர்ஜீனியாவில். பேரனைப் பார்த்துக்கொள்ளத்தான் கூப்பிட்டாள், பேரன் பள்ளிக்கூடம் போனபின் எங்களுக்கு வேலையில்லை. ஒரு நாள் மருமகன் லீவு போட்டு, "எங்கே மாமா போகலாம்?" என்று கேட்டார். வெள்ளை மாளிகை என்று சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் என் ஆல்பத்தில் உள்ள ஐம்பது சென்ட் தலையைப் பற்றிச் சொன்னேன். அவர் பொட்டோமாக் ஆற்றுக்கு இந்தக் கரையிலேயே ஐந்து வருடம் இருந்தும் அங்கே போனதில்லை.

போய் நின்றதும் எனக்கு ஏமாற்றம். தலையில் இருக்கிற தட்டைக் கல்லைக் காணோம்! ஆளைவிட உயரமாகப் பெரிய வெள்ளைச் சலவைக்கல் பெட்டகம் நிற்கிறது, அதில் சிற்பங்கள், மலர்வளையங்கள். தலையில் தவறாக வரைந்துவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் விவரம் தெரிந்தது. 1921-இல் வைத்தது வெறும் தட்டைக் கல்தான். மேலே ஏதாவது கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். இப்போதுள்ள பெட்டகம் கொலராடோவிலிருந்து கொண்டுவந்த கல், வேலை முடிந்தது 1932 ஏப்ரலில். ஆக, தலையை வரைந்தவர் கண்ணில் பட்டதைத்தான் வரைந்திருக்கிறார்.

அந்தத் தட்டைக் கல்லால் ஒரு சிக்கலும் வந்திருக்கிறது. அது இருப்பது குன்றின் மேல், அங்கிருந்து பார்த்தால் நகரம் முழுக்கத் தெரியும், காற்றும் நன்றாக வரும். வந்தவர்கள் கல்லின் மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள், சாப்பாட்டுக் கூடையைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டார்கள். நம் ஊர்க் கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டது. புகார் மேல் புகார் போன பிறகு 1925-இல் ஒரு சாதாரணக் காவலாளியைப் போட்டார்கள். 1926-இல் பகலில் மட்டும் ராணுவக் காவல். 1937-இலிருந்து இரவு பகல் ஒரு நிமிடம்கூட ஆளில்லாமல் விட்டதில்லை. இன்று உலகமே பார்க்க வரும் அந்தக் காவல், இட்லிப் பொட்டலம் பிரித்தவர்களை எழுப்பிவிடுவதற்காகத் தொடங்கியது என்று என் மனைவி சொல்லிச் சிரித்தாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

காவலர் கறுப்பு விரிப்பின் மேல் 21 காலடி நடக்கிறார். நின்று சமாதிப் பக்கம் திரும்பி 21 விநாடி. மறுபடி திரும்பி 21 விநாடி. துப்பாக்கியைக் கூட்டம் நிற்கும் பக்கத்துத் தோளுக்கு மாற்றிக்கொண்டு திரும்ப 21 காலடி. நான் நான்கு முறை எண்ணினேன், ஒரு முறையும் தப்பவில்லை. நடக்கும் காவலர் சட்டையில் பதவிப் பட்டை அணிவதில்லை. உள்ளே இருப்பவர் என்ன பதவியில் இருந்தார் என்று தெரியாதே, அவரைவிட மேலானவராக இவர் நின்றுவிடக் கூடாது என்பதற்காக. இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் அலுவலகத்தில் சில மேலதிகாரிகள் நினைவுக்கு வந்தார்கள், பெயர் வேண்டாம்.

ஒருவரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. பிரான்சில் அமெரிக்கர்களின் நான்கு கல்லறைத் தோட்டங்களிலிருந்து அடையாளம் தெரியாத நான்கு உடல்களை எடுத்தார்கள். ஷாலோன் என்ற ஊரின் நகர மண்டபத்தில் வைத்தார்கள். எந்தப் பெட்டி எந்த ஊரிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியக் கூடாதென்று பெட்டிகளை இடம் மாற்றினார்கள். 24 அக்டோபர் 1921 காலையில் எட்வர்ட் யங்கர் என்ற சார்ஜென்ட்டை உள்ளே அனுப்பினார்கள், கையில் வெள்ளை ரோஜாக்கள். அவர் பெட்டிகளைச் சுற்றி வந்து ஒன்றின் மேல் ரோஜாவை வைத்து சல்யூட் அடித்தார். முடிந்தது. மற்ற மூன்று பேரும் பிரான்சிலேயே மியூஸ்-ஆர்கோன் கல்லறைக்குத் திரும்பிப் போனார்கள்.

பாருங்கள், ஒருவரை அடையாளம் காண எவ்வளவு பாடுபடுவார்களோ அதே அளவு பாடு, காண முடியாமல் செய்வதற்கு. காரணம் எளிது. கொஞ்சம் துப்பு இருந்தாலும் அவர் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை ஆகிவிடுவார். துப்பே இல்லையென்றால் பிள்ளை திரும்பாத எந்த வீட்டுக்காரரும் அவரைத் தங்கள் பிள்ளை என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஒலிம்பியா என்ற போர்க்கப்பலில் கொண்டுவந்தார்கள். பெட்டியைக் கப்பலுக்குள்ளே இறக்க முடியாமல் மேலேயே கட்டி வைத்துக் கொந்தளிக்கும் கடலில் வந்தார்களாம். அமெரிக்க நாடாளுமன்ற மண்டபத்தில் வைத்தபோது ஒரே நாளில் சுமார் 90,000 பேர் வரிசையில் நின்று பார்த்திருக்கிறார்கள். அடக்கம் செய்தபோது குழிக்குள் முதலில் பிரான்சு மண்ணை இரண்டு அங்குலம் பரப்பிவிட்டுத்தான் பெட்டியை இறக்கினார்கள். ஜனாதிபதி ஹார்டிங் வந்திருந்தார். க்ரோ பழங்குடித் தலைவர் பிளென்டி கூப்ஸ் தன் இறகுத் தலைப்பாகையையும் கோலையும் கல்லின் மேல் வைத்தார்.

உங்கள் தாத்தா "கமலத்திடம் காட்ட வேண்டாம்" என்று ஏன் எழுதினார் என்று எனக்குத் தெரியாது அம்மா. உங்கள் பாட்டி வீட்டில் யாராவது பட்டாளத்தில் இருந்தார்களா?

புதுவைக்காரன் எழுதியது:

நான் புதுச்சேரி, இப்போது பாரிசுக்கு வெளியே இருக்கிறேன். சார் சொன்ன கதையில் பாதி இங்கே ஓராண்டு முன்னாலேயே நடந்தது. 1920 நவம்பர் 11 அன்று லண்டனிலும் பாரிசிலும் ஒரே நாளில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்கா அதைப் பார்த்துத்தான் செய்தது.

இங்கே தேர்ந்தெடுத்தவர் ஓகுஸ்த் தேன் என்ற இருபத்தொரு வயது சிப்பாய். அவருடைய அப்பாவும் அதே போரில் போய் உடல் கிடைக்காதவர். வெர்தன் கோட்டைக்குள் நிலவறையில் எட்டுப் பெட்டிகள். ஒன்பது போர்முனைகளிலிருந்து ஒன்பது வந்திருக்க வேண்டும். ஓரிடத்தில் கிடைத்தது பிரெஞ்சுக்காரர்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் எட்டோடு நின்றார்கள். அந்தப் பையன் எப்படி முடிவு செய்தார் தெரியுமா? தன் படைப்பிரிவு 132. ஒன்றும் மூன்றும் இரண்டும் கூட்டினால் ஆறு. ஆறாவது பெட்டியின் மேல் பூங்கொத்தை வைத்துவிட்டார். நம் ஊரில் பஸ் டிக்கெட் நம்பரைக் கூட்டிப் பார்ப்போமே, அதே கணக்கு. அந்த ஆறாவது பெட்டிதான் இன்று பாரிஸ் வெற்றி வளைவின் அடியில் இருக்கிறது. மற்ற ஏழும் வெர்தனிலேயே.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து ஒரு முறை பஸ் வைத்து வெர்தனுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே தூவோமோன் எலும்பு மண்டபம் இருக்கிறது. ஆர்லிங்டனில் ஒருவர். இங்கே 1,30,000 பேர். 1916-இல் முந்நூறு நாள் நடந்த சண்டையில் பீரங்கிக் குண்டு ஒரே இடத்தை மறுபடி மறுபடி உழுதது. புதைத்தவர்களையே மறுபடி வெளியே போட்டது. பிரெஞ்சுக்காரர் யார், ஜெர்மானியர் யார் என்று பிரிக்க முடியவில்லை. வெர்தன் பிஷப் ஜினிஸ்தி ஒரு மரக் கொட்டகையில் எலும்புகளைச் சேர்க்க ஆரம்பித்தார், ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டினார், 1932-இல் கட்டி முடித்தார்கள்.

137 மீட்டர் நீளம், நடுவில் 46 மீட்டர் கோபுரம். உள்ளே போனால் அமைதியான மாடம், சுவரிலும் கூரையிலும் பெயர்கள், 46 கல் பெட்டகங்கள். ஒவ்வொன்றும் போர்க்களத்தின் ஒரு பகுதிக்கு, அந்தப் பகுதியில் கிடைத்த எலும்புகள் அதன் கீழே. வெளியே வந்து கட்டடத்தின் பின்பக்கம் சுற்றிப் போனால் தரையோடு தரையாகச் சின்னக் கண்ணாடி ஜன்னல்கள். குனிந்துதான் பார்க்க வேண்டும். நான் குனிந்து பார்த்தேன். கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன், பிறகு பார்க்காமல் போவது இன்னும் மரியாதைக் குறைவு என்று பட்டது. விறகு அடுக்கிய மாதிரி என்று எழுத வந்தேன், அது பொய். அடுக்கவே இல்லை. குவிந்து கிடக்கிறது.

முன்னால் 16,000-க்கும் மேல் சிலுவைகள். ஓரத்தில் முஸ்லிம் வீரர்களின் கற்கள் மட்டும் மெக்காவைப் பார்த்துச் சாய்வாகத் திரும்பி நிற்கின்றன. எங்களோடு வந்த ஒரு மொராக்கோக்காரர் அந்த வரிசையின் முடிவு வரை நடந்து போய்த் திரும்பி வந்தார், பஸ் இருபது நிமிடம் தாமதம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கல்வெட்டு எழுதியது:

நான் கிருஷ்ணகிரி. எங்கள் பக்கம் வயல் வரப்பில், ஏரிக்கரையில் எல்லாம் நடுகல் நிற்கும். மாடு மீட்கப் போய் இறந்தவன் என்றால் அவன் பெயர், அப்பன் பெயர், ஊர், எந்த ராஜாவின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று வட்டெழுத்தில் வெட்டியிருப்பார்கள். ஆயிரம் வருடம் கழித்து நானும் என் நண்பனும் மாவு தடவி அந்தப் பெயரைப் படிக்கிறோம். அங்கே வேண்டுமென்றே பெயரை மறைத்துப் பெட்டிகளைக் கலைத்தார்கள் என்பது எனக்கு ஒப்பவில்லை. பெயர் போடத்தானே கல்?

இன்னொன்று. இப்போது மரபணுச் சோதனை இருக்கிறதே, திறந்து பார்த்துச் சொல்லிவிடலாமே? டெல்லி இந்தியா கேட்டிலும் இப்படி யாரையாவது புதைத்திருக்கிறார்களா?

பல்வரிசை எழுதியது:

இந்தியா கேட்டில் உடல் கிடையாது. வளைவு முதல் உலகப் போரில் இறந்த இந்தியச் சிப்பாய்களுக்கு, சுவரில் பெயர்கள் இருக்கின்றன. அடியில் தலைகீழ்த் துப்பாக்கியும் இரும்புத் தொப்பியும் வைத்த அமர் ஜவான் ஜோதி 1972-இல் வந்தது. அந்தச் சுடரை 2022 ஜனவரியில் பக்கத்தில் உள்ள தேசியப் போர் நினைவிடத்துச் சுடரோடு சேர்த்துவிட்டார்கள்.

ஓய்வூதியர் எழுதியது:

கல்வெட்டு தம்பி கேட்டது நியாயமான கேள்வி. திறந்து பார்த்திருக்கிறார்கள், ஒரு முறை.

1958-இல் இரண்டாம் உலகப் போருக்கு ஒருவரையும் கொரியப் போருக்கு ஒருவரையும் ஆர்லிங்டனில் அந்தப் பெட்டகத்தின் முன்னால் வைத்தார்கள். வியட்நாமுக்கும் ஒருவர் வேண்டும் என்று பழைய சிப்பாய்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அந்தப் போரில் ஹெலிகாப்டர் வந்துவிட்டது, உடலை உடனே தூக்கிவிடுகிறார்கள், ஆய்வுக்கூடமும் தேறிவிட்டது. அடையாளம் தெரியாத உடல் கிடைப்பதே அரிதாகிவிட்டது. கடைசியில் ஆறே ஆறு எலும்புகள் கொண்ட ஒரு பெட்டியை 28 மே 1984 அன்று ரீகன் முன்னிலையில் அடக்கம் செய்தார்கள்.

அந்த ஆறு எலும்புகள் யாருடையவை என்று தொடக்கத்திலேயே ஒரு யூகம் இருந்திருக்கிறது. 1972 மே மாதம் ஆன் லாக் அருகே விமானம் சுடப்பட்டு விழுந்த மைக்கேல் பிளாசி என்ற 24 வயது விமானியாக இருக்கலாம் என்று கோப்பிலேயே எழுதியிருந்தார்கள். எலும்போடு அவருடைய அடையாள அட்டையும் கிடைத்து, பின்னால் காணாமல் போனது. 1980-இல் உயரமும் ரத்த வகையும் பொருந்தவில்லை என்று அவர் பெயரை எடுத்துவிட்டு எக்ஸ்-26 என்று எண் கொடுத்தார்கள். வீட்டுக்குச் சொல்லவில்லை.

தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் துருவித் துருவி விசாரித்ததாலும் குடும்பம் விடாமல் கேட்டதாலும் 14 மே 1998 அன்று கல்லைத் திறந்தார்கள். தாயிடமும் சகோதரியிடமும் ரத்தம் எடுத்து மரபணுவை ஒப்பிட்டார்கள். பிளாசிதான். ஜூலையில் சொந்த ஊரான செயின்ட் லூயிஸ் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள், இந்த முறை பெயரோடு. பெயரில்லாதவராக இருந்தபோது கொடுத்த மிக உயர்ந்த பதக்கத்தை மட்டும் பெயர் கிடைத்ததும் அவருக்கு மாற்றித் தரவில்லை. பதக்கம் "அடையாளம் தெரியாதவருக்கு" வழங்கியதாம். என் முப்பத்தோரு வருட சர்வீஸில் இப்படிப்பட்ட விளக்கக் கடிதங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

அந்த வியட்நாம் குழி இப்போது காலி. வேறு யாரையும் வைக்கவில்லை. காணாமல் போனவர்களைக் கைவிட மாட்டோம் என்ற பொருளில் மேல் கல்லில் வாசகத்தை மாற்றியிருக்கிறார்கள். கூட்டம் முழுக்கக் காவலரைத்தான் பார்க்கிறது, அந்தக் கல்லை யாரும் கவனிக்கவில்லை. எனக்கென்னவோ அங்கே உள்ள நான்கு இடங்களில் அதுதான் நேர்மையான இடம் என்று பட்டது. தம்பி சொன்ன மாதிரி, பெயர் தெரிந்தால் பெயர் போட வேண்டியதுதான்.

அப்புறம், அதே ஆர்லிங்டனில் இன்னொன்று இருக்கிறது, தலையில் வராதது. உள்நாட்டுப் போர் முடிந்தபின் புல் ரன் போர்க்களத்திலும் வழியெங்கும் பொறுக்கிய எலும்புகளை 1866-இல் ஒரே குழியில் மூடினார்கள். 2,111 பேர். எண்ணை மட்டும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். வடக்குப் படையோடு தெற்குப் படையின் எலும்பும் கலந்திருக்கும் என்கிறார்கள், யார் பிரிப்பது? புதுவைக்காரர் சொன்ன தூவோமோன் அங்கே ஏற்கெனவே சின்ன அளவில் நடந்ததுதான். நான் போனபோது அந்த இடத்தில் எங்கள் இருவரைத் தவிர ஒரு ஆள் இல்லை.

பிஸ்கட்_டின் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஓய்வூதியர் ஐயா கேட்டதற்கு அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இரண்டு நாள் சும்மா இருந்தேன்.

பாட்டிக்கு ஒரு அண்ணன் இருந்தார். பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போனவர். போனவர் போனவர்தான். "காணவில்லை" என்று ஒரு தந்தி, அப்புறம் சில வருடம் கழித்து ஒரு மணியார்டர். உடல் வரவில்லை, தேதியும் வரவில்லை. திதி தெரியாததால் பாட்டி வீட்டில் மகாளய அமாவாசையன்றுதான் அவருக்கு எள்ளும் தண்ணீரும். அதுவும் கொள்ளுப்பாட்டி உயிரோடு இருந்தவரை செய்யவிடவில்லையாம், "அவன் என்ன செத்தா போனான்?" என்று தாம்பாளத்தைத் தூக்கிக் கவிழ்த்துவிடுவாராம்.

தாத்தா கப்பல் அலுவலகத்தில் யாரிடமோ விசாரித்து அந்தக் கல் என்ன என்று தெரிந்துகொண்டிருக்க வேண்டும். பாட்டியிடம் காட்டினாரா இல்லையா என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தின் ஓரம் மட்டும் மற்றப் பக்கங்களைவிட அழுக்காக இருக்கிறது, பலமுறை புரட்டியது போல. எண்ணெய்க் கறை. தாத்தா தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை.

பர்மாவில் இப்படிக் காணாமல் போன நம் ஆட்களுக்கு எங்காவது கல் இருக்கிறதா?

புதுவைக்காரன் எழுதியது:

இருக்கிறது அக்கா. ரங்கூனுக்கு வடக்கே டாக்கியான் என்ற இடத்தில் போர்க் கல்லறை இருக்கிறது. அதன் நடுவில் தூண்கள் வரிசையாக நிற்கும் ரங்கூன் நினைவுச்சின்னம். கல்லறை இல்லாத கிட்டத்தட்ட 27,000 பேரின் பெயர்களை அந்தத் தூண்களில் வெட்டியிருக்கிறார்கள். அதில் பெரும் பகுதி இந்தியப் படை. தகனம் செய்தவர்களுக்குத் தனியாக ஒரு நினைவுக்கல்லும் அங்கே உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், காசு கிடையாது. படைப்பிரிவு அல்லது சிப்பாய் எண் தெரிந்தால் நல்லது. மணியார்டரின் அடிச்சீட்டு ஏதாவது டின்னில் கிடக்கிறதா பாருங்கள்.

கல்வெட்டு எழுதியது:

அக்கா, ஒன்று சொல்கிறேன். அந்தக் கால ராணுவக் குமாஸ்தா காதில் விழுந்த மாதிரி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ஒரே பெயரை நான்கைந்து விதமாக எழுதித் தேடுங்கள். அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் சில பதிவுகளில் இருக்கும், அதை வைத்து உறுதி செய்யலாம். எங்கள் ஊர்க்காரர் ஒருவரை அப்படித்தான் கண்டுபிடித்தோம், ஊர் பெயரில் பாதியை விழுங்கியிருந்தார்கள்.

பிஸ்கட்_டின் எழுதியது:

நேற்று இரவு உட்கார்ந்து தேடினேன். அதே பெயரில் பதினொரு பேர் வருகிறார்கள். இரண்டு பேருக்கு ராமநாதபுரம் மாவட்டம் என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் தேவகோட்டையும் ராமநாதபுரம்தான். ஒருவருக்கு அப்பா பெயர் இல்லை, இன்னொருவருக்கு இருக்கிறது, ஆனால் எழுத்து ஒத்துவரவில்லை. அம்மா இரண்டையும் தாளில் எழுதி வாங்கிக்கொண்டார், பெரியம்மாவிடம் கேட்கிறாராம்.

பல்வரிசை அண்ணா, பல்லை எண்ணிவிட்டேன். முதல் முறை பதினொன்று வந்தது, தம்பி எண்ணினால் பத்து. லென்ஸ் வைத்து மேல் விளிம்பில் மறுபடி எண்ணினோம். பத்தரைதான். அப்படியென்றால் 1931 அச்சு, பெட்டகம் வருவதற்கு முந்தைய வருடம், அப்படித்தானே? கல்லின் மேல் யாரும் உட்கார்ந்திருக்கிறார்களா என்றும் பார்த்தேன். இல்லை. பிய்க்கவில்லை, பயப்படாதீர்கள்.